மூன்று பக்கமும் தண்ணீர்

என் கணவர் ஒரு கிழமையாகக் கைபேசியில் ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடை விடுமுறைக்கு வடக்கே, காட்டோரம், தண்ணீரோரம் ஒரு வீடு வேண்டுமாம். ஹம்பேர்க்கில் இருந்து காரில் இரண்டரை மணித்தியாலம்தான், மகள் அழுது முடிப்பதற்குள் போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு. நேற்றுப் பின்னேரம் ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைப் பாரும், எவ்வளவு வடிவாயிருக்கு. மூண்டு பக்கமும் தண்ணி." பார்த்தேன். பிறகு மகளின் நீச்சல் வளையத்தைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கிவிட்டேன். பதில் சொல்ல முடியாத நேரங்களில் நிலவறையில் எதையாவது தேடுவது என் வழக்கம்.

வளையம் கிடைக்கவில்லை. சைக்கிள்களுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த நீலத் தறப்பாள்தான் கிடைத்தது. தார்ப்பாய் என்று நீங்கள் சொல்வீர்களாக்கும், எங்கள் வீட்டில் தறப்பாள். ஒரு மடிப்பைப் பிரித்தேன். பைன் பிசினும் ஈரமண்ணும் பிளாஸ்டிக்கும் கலந்த மணம். பத்து வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் போகவில்லை.

மணம் என்றால் எனக்கு முதலில் கட்டலொக்குகள் ஞாபகம் வரும். டோர்ட்மண்டில் ஒரு சின்னப் பயண முகவர் கடையில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துவிட்டு, அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் நீலத் துணி ஒன்று கட்டுவோம். எனக்கு விமானப் பணிப்பெண் என்று நினைப்பு. மாசியில் புதுக் கட்டலொக்குகள் பெட்டி பெட்டியாக வரும், கடை முழுக்க அச்சு மை மணக்கும். அவற்றின் பாஷையை வாசிக்கத் தெரிவதுதான் தொழில். 'கலகலப்பான இடம்' என்றால் விடிய விடியக் குடிகாரப் பொடியன்கள். 'இயற்கையின் மடியில்' என்றால் பஸ் வராது. 'அலைன்லாகெ' என்றால் வீடு தனியாக நிற்கும், கூப்பிடு தூரத்தில் ஒரு சனம் இருக்காது. ஜெர்மன்காரர் விழுந்தடித்துக் கேட்பது இந்தக் கடைசி ஒன்றைத்தான். மனிதருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய சந்தோஷம் அது என்று நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் வீட்டில் விடுமுறை என்ற ஒன்று கிடையாது. லண்டனில் கலியாணம், பாரிஸில் ஒரு பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு, கனடாவில் செத்தவீடு, இவைதான் பயணம். எங்கே போனாலும் யாரோ ஒருவருடைய சோபாவில் படுத்து, யாரோ ஒருவருடைய ஆட்டுக்கறியைச் சாப்பிட்டு வருவோம். அந்த வருடம் நான் மெக்லென்பூர்க் ஏரிப்பக்கத்தில் ஒரு வீடு பிடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னேன்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றார் அம்மா.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்குப் போறம்?"

அப்பாவும் தம்பி தீபனும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "படம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, எங்கள் வீட்டுக்கு ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தவர். ஒரு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். வீட்டில் நாங்கள் கேட்டால் "ஓம்" அல்லது "இல்லை", அதற்கு மேல் பேச்சில்லை. அவர் மனைவி போரில் செத்துவிட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். "மாமாட்ட ஒண்டும் கேக்கப்படாது" என்று அம்மா முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். நாங்கள் நல்ல பிள்ளைகள், கேட்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் தானாக ஒரு கேள்வி கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டலொக்கையும் வரைபடத்தையும் ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு நிலம், அதன் நுனியில் வீடு. பின்னால் காடு, மூன்று பக்கமும் தண்ணீர். போக வர ஒரே ஒரு மணல் பாதை. கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதுபோல் அழகாக விவரித்தேன்.

"தண்ணி எவ்வளவு ஆழம்?"

"கரையில இடுப்பளவுதான் மாமா. நடக்கலாம்."

"அடியில மணலோ, சேறோ?"

"சேறு எண்டு நினைக்கிறன்."

"அந்தப் பாதையை மறிச்சால் வேற வழி இருக்கோ?"

ஆர் மறிக்கப் போகினம் என்று நான் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வேலையால் வந்ததும் மாமா வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்காருவார். காட்டுக்கும் வீட்டுக்கும் எத்தனை அடி, மரங்கள் நெருக்கமா, மண் தோண்டக்கூடிய மண்ணா. மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். காட்டுக் காற்று மனநோய்க்கு நல்லது என்று முதலாளியம்மாவும் ஒத்து ஊதினார். இரண்டு பேரும் சேர்ந்து மாமாவை மனதுக்குள் குணப்படுத்தியே விட்டோம்.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது அவர் ஒரு பட்டியல் தந்தார். தறப்பாள், கயிறு, மண்வெட்டி, உப்பு, நெருப்புப்பெட்டி. கடைசியில், பால்மாப் பேணி இரண்டு.

"மாமா, எங்கட வீட்டில பால் குடிக்கிற பிள்ளை ஆர்? தீபனோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

மாமா தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அடுப்படியில் அம்மா நெருப்பை அணைத்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் கூசும்.

அன்றைக்கே அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "உந்தப் பயணத்தை நிப்பாட்டு" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. மாமாவுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்று நான் வகுப்பெடுத்தேன். நீலத் துணி கட்டியவளுக்குத் தெரியாததா?

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், மாமா தோள்பையும் தறப்பாளுமாகக் கதவடியில் நின்றார். "அக்கா, நான் முன்னுக்குப் போய் இடத்தைப் பாத்து வைக்கிறன். நீங்கள் பிறகு வாங்கோ." வீட்டுக்காரம்மாவின் விலாசத்தை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். என்ன பொறுப்பான மனிதர் என்று நான் திரும்பிப் பார்த்தால், அம்மா நிலத்தில் குந்தியிருந்தார்.

அன்றைக்குத்தான் சொன்னார். கடைசி மாதங்களில், கடலுக்கும் களப்பு ஏரிக்கும் நடுவே ஒரு துண்டு நிலத்தில் சனம் அடைபட்டிருந்தபோது, ஆம்பிளைகள் முன்னுக்குப் போய் அடுத்த இடத்தைப் பார்த்து, குழி வெட்டி, தறப்பாள் கட்டிவிட்டு வந்து குடும்பத்தைக் கூட்டிப் போவார்களாம். மாமாவும் அப்படித்தான் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர்கள் இருந்த குழிக்கு மேல் ஷெல் விழுந்திருந்தது. உள்ளே மாமி இருந்தார். ஐந்து மாதப் பெண் குழந்தையும் இருந்தது.

அப்படி ஒரு குழந்தை இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த நாள் காலை தொலைபேசி வந்தது. வீட்டுக்காரம்மாவின் தொலைபேசியில் இருந்து மாமா. அம்மா ஒலிபெருக்கியில் போட்டார். "அக்கா, இடம் சரியில்லை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அப்பாவும் நானும் உடனே காரை எடுத்தோம். மணல் பாதையில் திரும்பியபோது பின்னேரம் மூன்று மணி, வெயில் கொளுத்தியது. ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் காருக்குள் இருட்டிவிட்டது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வீடு பூட்டியபடி கிடந்தது. கட்டலொக்கில் பார்த்த அதே ஏரி, அசையாமல், கரை முழுக்கச் சேறு. எனக்கு முதன்முறையாக அந்த இடம் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு நடுவே நீலம் தெரிந்தது. தறப்பாளுக்குக் கீழே, நெஞ்சளவு ஆழத்தில், 'ட' வடிவத்தில் ஒரு குழி. மேலே பாதிக்கு மரக்கட்டைகள் அடுக்கி மண் போட்டிருந்தது. இரவிரவாக வெட்டியிருக்கிறார், ஆனாலும் அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் கண்டதில்லை. மாமா உள்ளே நின்று மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கோபப்பட்டார். "வர வேண்டாம் எண்டனான் எல்லோ அத்தான்!"

குழிக்குள் ஐந்து பேர் இருக்க மண்ணிலேயே ஐந்து இருக்கை வெட்டியிருந்தார். அப்பா, அம்மா, நான், தீபன், மாமா. ஒரு மூலையில் ஆறாவதாக ஒரு சின்ன இடம், ஒரு முழ நீளம். அதில் எங்கள் வீட்டுக் குளியல் துவாய் மடித்து விரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பால்மாப் பேணி.

"இது ஆருக்கு மாமா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"சின்னனுக்கு" என்றார்.

அப்பா காற்சட்டையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, மாமாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். மூன்று பேருமாக அதை மூடினோம். கடைசியில் மாமா பைன் ஊசிகளை வாரி மேலே தூவினார். யாருக்கும் தெரியக்கூடாதாம். தறப்பாளை மடித்துக் காரில் போட்டேன். திரும்பி வரும்போது பின் இருக்கையில் நான் அவருக்குப் பக்கத்தில். மாமா நித்திரை கொள்ளவில்லை. நல்ல தெளிவாகத்தான் இருந்தார். வயலில் என்ன பயிர் என்று கேட்டார், தண்ணீர் கேட்டார். கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம்.

அந்தப் பயண முகவர் கடை இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. கட்டலொக்குகள் வருவதில்லை, விரலால் தள்ளினால் ஏரி வருகிறது. மாமா மூன்று மாரிக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் காட்டில் குழி இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கும், நானே போனாலும் கண்டுபிடிக்க மாட்டேன்.

இன்று காலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, மாமாவின் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பிள்ளை பிறந்திட்டுது அக்கா எண்டு போன் எடுத்தவன். நான் பேர் கேக்க முந்தி லைன் அறுந்து போச்சு."

"பிறகு கேக்கேல்லையோ?"

"இஞ்ச வந்தாப் பிறகு எப்பிடியடி கேக்கிறது?"

படம் இல்லை, பதிவு இல்லை, மாமியின் பக்கத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தப் பெயர் தெரிந்த கடைசி மனிதர் மாமாதான். ஆறு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வயலில் சோளம் என்று சொன்னேன், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். பெயரைக் கேட்கவில்லை.