பத்தியம் முறித்த கருவாடு

“எதுக்குடி ஒனக்கு இந்தக் கதையெல்லாம்? சோலி கெடக்கு, போயி அதப் பாரு” என்று இப்போதுதான் பேத்தியை வைதேன். நகரவில்லை. என்னைப் போலவே அடம். சரி, கேட்டுத் தொலையட்டும்.

என்னைச் சிலமலையிலிருந்து கட்டிக்கொடுத்து, குரங்கணி வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிப்போன வருசம் அது. முதல் மழையிலேயே காய்ச்சல். காய்ச்சல் இறங்கியும் பசி வரவில்லை. மாமியார் பத்தியம் போட்டார். உப்பில்லாக் கஞ்சி, தனி வட்டில், லயத்தில், அதான் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், மூலையில் தனிப் பாய். யாரோடும் பேசக் கூடாது. பேசினால் தெம்பு வாய் வழியாகப் போய்விடுமாம். எனக்கா வாய் சும்மா இருக்கும்? வாசற்படியில் ஊர்ந்த அட்டையோடு பேசினேன். அது ரத்தம் கேட்டதே தவிர, பதில் சொல்லவில்லை.

நாளுக்கு நாள் வளையல் முழங்கைக்கு ஏறியது. வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: “மழ விடட்டும். ஒன்னய ஒங்காத்தா வீட்ல விட்டுட்டு வர்றேன்.”

என் சித்தியையும் உடம்பு தேறட்டும் என்றுதான் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பக் கூப்பிட யாரும் வரவில்லை. அவள் அடுப்பை வேறொருத்தி பற்றவைத்தாள். தூறல் கொஞ்சம் குறைந்தாலும் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு வானத்தையே பார்ப்பேன்.

ஏலக்காய் குவிந்துவிட்டது, உட்கார முடிந்தவர்கள் எல்லாரும் பொறுக்க வரவேண்டும் என்றார் கங்காணி. மாமியார் என்னையும் கஞ்சித் தூக்கோடு காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அனுப்பினார். மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் சோறு, கருவாட்டுக் குழம்பை ஒரே பெரிய வட்டிலில் கொட்டிப் பிசைந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏ சிலமலக்காரி, செவுத்துக்கா சோறு ஊட்டுறே? இங்கிட்டுத் திரும்பு” என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

“பத்தியம்க்கா. கருவாடு தின்னா செத்துருவேனாம்.”

“செத்தாத் தூக்க இத்தன பேரு இருக்கோம். ஒன் கனத்துக்கு ஒருத்தியே போதும். கைய நீட்டு.”

சிரித்த வாய்க்குள் கருவாடு போய்விட்டது. சாயங்காலம் வரை சாவுக்குப் பயந்துகொண்டே காய் பொறுக்கினேன். பசிதான் வந்தது. மறுநாளும் போனேன், மழை விடும்வரை தினமும் போனேன்; பொறுக்கியதைவிடப் பேசியதே அதிகம்.

மழை விட்டது. வீட்டுக்காரர் என் துணியை மூட்டை கட்டினார். மாமியார் என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வளையல் மணிக்கட்டை விட்டு இறங்கவில்லை.

“மூட்டய அவுருடா. எம் பத்தியம் கேட்டுருச்சு” என்றார். நானே முந்திக்கொண்டு மூட்டையை அவிழ்த்தேன்.

பிறகு பக்கத்து லயத்துப் பெண்கள் மருந்து கேட்டு வந்தார்கள். சொன்னேன்: “எங்கத்த பத்தியந்தான், கூடக் கொஞ்சம் கருவாடு. சொந்த வட்டில்ல தின்னாக் கேக்காது. அடுத்தவ வட்டில்ல கைய விடணும். எங்கத்த காதுல மட்டும் போட்றாதீக.”