பூசாமல் விட்ட சுவர்

கட்டட வேலை மேனேஜர் ஊரை விட்டே ஓடிவிட்டார் என்று சிமென்ட் கடையில் பேச்சு. மீசையை மழித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாராம். விசாரித்துப் பார்த்தால், மனிதர் எங்கும் போகவில்லை. மீசை முகத்திலேயே இருந்தது. நாலு நாளாகச் சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பயந்த கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே!

பயத்துக்குக் காரணம் ஒரு வக்கீல் நோட்டீஸ். நாலு மாடிக் கட்டடம் எட்டு மாதம் தாமதம். அந்த எட்டு மாத வாடகையையும் மேனேஜரே கொடுக்க வேண்டும் என்று கட்டட முதலாளி கேட்டிருந்தார். 'குறித்த தேதிக்கு நானே பொறுப்பு' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததற்குக் கீழே, படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டவர் மேனேஜர். வழக்கு தோற்றால் குடியிருக்கும் வீடு போய்விடும்.

வக்கீலுக்கு அலையவில்லை; மனைவியின் அண்ணனே வக்கீல்.

"எதனால தாமதம், மாப்பிள்ளை?"

"பாதி கட்டினப்புறம் மாடிப்படியைப் பின்பக்கம் மாத்தச் சொன்னாரு, மச்சான். எட்டு மாசமும் அதுலதான் போச்சு."

"எழுதிக் குடுத்தாரா?"

"மூணாவது மாடிச் சுவத்துல பென்சிலால வரைஞ்சு, கையெழுத்தும் போட்டாரு. சைட்டுல எல்லாம் அப்படித்தான்."

"சரி, சுவத்தைக் காட்டுங்க."

"அதுமேல பூசியாச்சே."

மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆதாரத்து மேல சிமென்ட் பூசின கட்சிக்காரரை இப்பத்தான் பாக்குறேன்."

"எழுதி வாங்க ஒரு காகிதம் கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "சரி, பூசினவரையாவது கூப்பிட்டுக் கேளுங்க."

பூச்சு மேஸ்திரி வந்தார். எந்தச் சுவர் என்று கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"திட்டக் கூடாது சார். அது நான் பூசவே இல்ல. அலமாரி மறைக்கப்போற இடம், யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டேன். அன்னைக்கு நீங்க லீவு."

வேறொரு நாளாக இருந்தால் மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். அன்று மேஸ்திரியைக் கட்டிப்பிடித்த வேகத்தில் பட்டாணி வீடெல்லாம் உருண்டது.

மறுநாள் இரு தரப்பு வக்கீல்கள் முன்னால் அலமாரியைக் கழற்றினார்கள். வெறும் செங்கல் மேல் மாடிப்படி, அம்புக்குறி, தேதி, 'எவ்வளவு நாளானாலும் சரி' என்ற வாசகம், அடியில் முதலாளியின் கையெழுத்து. முதலாளி தன் எழுத்தைத் தானே முறைத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் நோட்டீஸ் வாபஸ். மேனேஜர் அன்று பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஒரு பாக்கி மட்டும் நிற்கிறது.

"போன வருஷம் சைட்டுல அத்தனை பேர் முன்னாடி என்னை வேலையில ஏமாத்துக்காரன்னு சொன்னீங்க," என்கிறார் மேஸ்திரி. "அத்தனை பேர் முன்னாடியும் அதை வாபஸ் வாங்கணும்."

நியாயம்தான். ஆனால் சொன்னது சரிதான் என்பதற்கு மச்சானின் ஃபைலில் பூசாத சுவரின் போட்டோவே இருக்கிறது. "வர்ற வாரம் சொல்லிடுறேன் மேஸ்திரி," என்று மேனேஜர் ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.