லூர்தம்மாள் படித்த இரண்டு பாஷைகள்

பொன்மலைப் பக்கம் ஒரு சின்னப் பங்குக் கோயிலில், சாமியார் பங்களாவுக்குச் சமைத்துப் போட்டவள் லூர்தம்மாள். கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுவாள். அப்படிப்பட்டவள் லித்துவேனியப் பாஷையில் தண்ணீர் கேட்பாள். திருச்சி ஜில்லா முழுக்கத் தேடினாலும் அந்தப் பாஷை தெரிந்த இன்னொரு பெண்பிள்ளை கிடைத்திருக்க மாட்டாள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் அவள் செய்த தப்பு அது.

புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து அற்பாயுசில் போய்விட்டான். இருந்தது ஒரே மகன், அற்புதசாமி. பட்டாளத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனான். ஐம்பதாம் வருஷம் கொரியாவில் சண்டை மூண்டபோது காயம்பட்டவர்களைப் பார்க்க இந்தியாவிலிருந்து வைத்தியப் படை போனது அல்லவா, அதில் அவனும் போனான். மறு வருஷப் பனிக்காலத்தில் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

கல்லறைத் திருநாளன்று ஊரே அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி ஏற்றும். லூர்தம்மாளுக்குப் பிள்ளையின் கல்லறை எங்கே இருக்கிறது? கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் காலடியில் ஒரு திரியை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவன் செத்ததைக்கூட அவள் ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டாள். வேறொன்றுதான் அவளை அரித்தது. "சாகுற நேரத்துல தண்ணி கேட்டிருப்பானே, யாருக்குப் புரிஞ்சிருக்கும்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பாள்.

அந்த நேரத்தில்தான் காசிமிர் சாமி பங்குக்கு வந்தார். பெரிய உருவம், நரைத்த தாடி, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் சகாயநாதன் சமையல்கட்டுக்கு வந்து சேதி சொன்னார்.

"சாமி ஊருல பனி கொட்டுமாம் லூர்து. சண்டையில கம்யூனிஸ்டுக்காரங்க ஊரைப் புடிச்சுக்கிட்டாங்களாம். இனிமே திரும்பிப் போக முடியாதாம், பாவம்."

பனி, சண்டை, கம்யூனிஸ்ட். தினம் இதே உபதேசியார் பேப்பர் படித்துக் காட்டும்போது கொரியாவைப் பற்றி அவள் கேட்டதும் இந்த மூன்றுதான். ஆக, சாமி கொரியாக்காரர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சாமி பிறந்த லித்துவேனியா ஐரோப்பாவில் ஒரு கோடி, கொரியா ஆசியாவில் இன்னொரு கோடி. அவள் கண்ணுக்கு வெளிநாட்டுக்காரர் எல்லாரும் ஒரே நிறம்தான். வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். ஆனால் சாமியிடம் ஊர் பேர் விசாரிக்கிற சமையல்காரியை அந்தக் காலத்தில் எந்தப் பங்களாவில் வைத்துக்கொள்வார்கள்? தட்டை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பது வழக்கம். பிள்ளை கிடக்கிற ஊரின் பாஷை என்று நினைத்து, நின்று கேட்டே படித்தாள்.

சாமி தனியாகச் சாப்பிடும்போது தன் பாஷையில் முணுமுணுப்பார். தண்ணீரைத் தொட்டு "வந்துவோ" என்பார். அடுப்புத் தீயைப் பார்த்து "உக்னிஸ்" என்பார். ஒருநாள் செம்பை வைத்தவள், "வந்துவோ, சாமி" என்றாள். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறந்த ஊரை விட்டு வந்தபின் அவர் பாஷையில் அவரிடம் பேசிய முதல் ஆள் அவள். அன்றிலிருந்து குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். அம்மா என்றால் மோத்தினா. மகன், சூனுஸ். கூப்பிடும்போது சூனௌ, அவர் அம்மா வயல்வரப்பில் நின்று அப்படித்தான் கூப்பிடுவாளாம். யாராவது கூப்பிட்டால் "அஷ் ச்சா" என்று குரல் கொடுக்க வேண்டும், இங்கேதான் இருக்கேன் என்று அர்த்தம். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே காரணமில்லாமல் "லூர்து!" என்று கூப்பிடுவார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சடகோபாச்சாரி என்று ஒரு சமஸ்கிருத வாத்தியார் சாமியைப் பார்க்க வருவார். அவருக்கு இந்தப் பாஷை வெல்லக்கட்டி. "சூனுஸ்னா எங்க சூனு. உக்னிஸ்னா அக்னி. பல்லுக்கு தந்திஸாமே, சாட்சாத் தந்தமேதான்! ஸ்வாமி, நீர் தப்பிப்போய் அங்கே பொறந்துட்டீர்" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். கதவுக்குப் பின்னால் நின்றவளுக்குக் கண் கலங்கும். கொரியா நம்ம ஸ்ரீரங்கத்துக்கே ஒட்டு உறவு என்றால், பிள்ளை அப்படியொன்றும் அந்நிய மண்ணில் கிடக்கவில்லை. அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் சிலுவையடியில் குனிந்து, அந்த ஊர் சனங்களுக்குக் கேட்கட்டும் என்று, "சூனுஸ், வந்துவோ" என்று கெஞ்சினாள். என் மகனுக்குத் தண்ணி கொடுங்க.

ஐம்பத்து நாலில் சவரிநாதன் பட்டாளத்திலிருந்து திரும்பினான். அற்புதசாமியின் கூட்டாளி, அதே ஆம்புலன்ஸ் படை. லூர்தம்மாளைப் பார்க்க நேராகச் சமையல்கட்டுக்கே வந்தான். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, தான் படித்ததையெல்லாம் அவனிடம் ஒப்பித்தாள்.

"இது என்ன பாஷைம்மா?" என்றான்.

"கொரியாப் பாஷைதான். இத்தனை வருஷம் இருந்துட்டு வந்து கேக்குறியே?"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு அவன் படாத வேதனை இல்லை. "இல்லம்மா. அங்க தண்ணிக்கு முல்னு சொல்வாங்க. நெருப்பு புல். மகன் ஆதுல். அவங்க பேச்சு நம்ம பேச்சு போற வழியிலயே போகும். 'நான் தண்ணி குடிச்சேன்'னு நாம எப்படி வரிசையா வைக்கிறோமோ அப்படியே வைப்பாங்க. நீங்க சொல்றது ஒண்ணுகூட அங்க கிடையாது."

வாசலில் காசிமிர் சாமி நின்றுகொண்டிருந்தார். "லித்துவேனியா, லூர்து," என்றார் மெதுவாக. "என் ஊர் கொரியா இல்லை." தன் மேலுள்ள பிரியத்தில் படிக்கிறாள் என்றல்லவா மனிதர் இத்தனை நாள் நம்பியிருந்தார்! முகம் செத்துப்போய்த் தன் அறைக்குத் திரும்பினார்.

"எவனோ ஒரு ஊரான்கிட்ட என் புள்ளைக்குத் தண்ணி கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "கடைசில அவன் பக்கத்துல யாருடா இருந்தா?" என்று கேட்டாள்.

"வண்டி கவிழ்ந்து அடிபட்டவனை ஒரு குடியானவங்க வீட்டுல படுக்கவச்சுட்டு, வேற வண்டி கொண்டாரப் போனோம்மா. வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்துச்சு. எங்களைப் பாத்து என்னமோ சொல்லி அழுதுச்சு. அப்ப எனக்கு அந்தப் பாஷை தெரியாது."

அன்றோடு லூர்தம்மாள் லித்துவேனியப் பேச்சை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரிநாதனைப் பிடித்துவைத்துக் கொரியாப் பாஷை கேட்டாள். சாமி "வந்துவோ" என்றால் செம்பை வைத்துவிட்டுப் போய்விடுவாள். "லூர்து!" என்று கூப்பிட்டால் பதில் குரல் வராது, ஆள் மட்டும் வந்து நிற்கும். கொஞ்ச நாளில் அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அவர் என்ன குற்றம் செய்தார்? ஒரு குற்றமும் இல்லை. துக்கம் நியாயம் பார்க்குமா? வருஷக்கணக்கில் அந்தப் பங்களாவில் இரண்டு பேரும் ஊமைகளாகப் புழங்கினார்கள்.

அறுபத்திரண்டில் ஒருநாள் காலைப் பூசை முடிந்து வந்த சாமி நடையில் விழுந்தார். பக்கவாதம். தமிழ், இங்கிலீஷ், ஓதி ஓதிப் பழகிய லத்தீன் எல்லாம் போய்விட்டது. பக்கத்துப் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குத் தைலம் பூசுகிற அவஸ்தைபூசுதல் கொடுத்தார். ஆனாலும் நோயாளி அடங்கவில்லை. எதையோ கேட்டுக் கேட்டுத் தவித்தார். தண்ணீர் கொடுத்தார்கள், துப்பினார். ஜெபமாலை கொடுத்தார்கள், தள்ளிவிட்டார்.

"உனக்குத்தானே அவரு பேச்சு தெரியும், போம்மா" என்றார் உபதேசியார்.

"மறந்துபோச்சு" என்றாள். மறக்கவில்லை.

உள்ளேயிருந்து திரும்பவும் அந்தக் குரல் வந்தது. மோத்தினா, மோத்தினா. தலைமுடி முழுக்க நரைத்த மனிதர், அம்மாவைத் தேடினார். லூர்தம்மாளுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. சாமி முன்னால் ஒருநாளும் உட்காராதவள், போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள்.

"அஷ் ச்சா, சூனௌ" என்றாள்.

அவர் தேடுவதை நிறுத்தினார். மத்தியானம் மூச்சு அடங்குகிறவரை கையை விடவில்லை. அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை.

வெளியே வந்தவளிடம், "என்னம்மா கேட்டாரு?" என்றான் சேதி கேட்டு வந்திருந்த சவரிநாதன்.

"அம்மாவைக் கேட்டாரு. இருக்கேன்னு சொன்னேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தைதானடா. அதைச் சொல்லாம இத்தனை வருஷம் அந்த மனுஷனைக் கொன்னுட்டேனே." வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்துச்சுன்னியே. அதுவும் என் புள்ளைகிட்ட இதைச் சொல்லியிருக்கும்ல? கொரியாவுல இதை எப்படிச் சொல்வாங்க, சவரி?"

அவனுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டான்.