இடப்பக்கப் பின்கதவு

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. கார் இன்னும் என் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. சிவப்புக் கறை ஏறிய துணியைத் துவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஆரணிப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.

அந்த வெள்ளைக் காரை என் கணவர் பார்த்திபன் பழையதாக வாங்கினார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான். அவர் இறந்த பிறகு பதினான்கு மாதம் வேப்பமரத்தடியில் நின்று, பெயின்ட் மங்கி, சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆகிவிட்டது. வீட்டில் நானும் மகள் அகல்யாவும்தான். கணவரின் அண்ணன் ஜெயவேல் ஒருநாள் வந்து நின்றார்.

“இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? பொம்பளைங்க ரெண்டு பேரு இருக்கிற வூட்ல காரு எதுக்கு? தள்ளி வுட்டுடலாம்.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுசாட்டம் ஆக்கிக் காட்டறேன் மாமா. முடியலைனா எடுத்துகினு போங்க.”

“நீயா? தேய்க்கிறதுக்கு இது இன்னா தோசைக்கல்லா?”

அந்தச் சிரிப்புக்காகவே தொடங்கினேன். கழுவினேன். நனைத்த இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளால் மெல்ல உரசினேன். பிறகு பளபளப்பேற்றும் காம்பவுண்ட் பசை, அதன் மேல் மெழுகு. கீறல் விழக்கூடாது என்று வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் துணியைத் தொடுவேன். வியாழக்கிழமைக்குள் வண்டி முழுதும் மின்னியது, இடப்பக்கப் பின்கதவைத் தவிர.

அதில் கைப்பிடிக்குக் கீழே மூன்று கோடுகள். வளைந்து, பின்பக்கமாக இறங்கும் கோடுகள். வியாழன் மாலை தேய்த்து அழித்தேன். வெள்ளி காலை மறுபடியும் இருந்தன.

வெளிச்சம் போதாமல் விட்டிருப்பேன்... மறுபடி தேய்த்தேன்; இந்த முறை அழியவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டைத் தேய்த்தால் துணியில் வெள்ளைதான் ஏறும். மற்ற மூன்று கதவுகளிலும் அப்படித்தான் ஏறியது.

இதில் சிவப்பு.

அடியில் பழைய பெயின்ட் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கதவில் எங்கும் சிவப்பே இல்லை. முழு வெள்ளை.

அன்று பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். விசைத்தறிகள் நின்றுவிட்டால் எங்கள் தெருவில் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

மணி 11.52.

கிணிங்...

கண்ணாடி வளையல். ஜன்னலைப் பார்த்தேன். என் வளையல்கள் அங்கேயே இருந்தன. அவை தங்கம். இந்தச் சத்தம் வராது.

கிணிங்... கிணிங்...

கதவிலிருந்துதான் வந்தது. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

கண்ணெதிரே நான்காவது கோடு விழுந்தது. மெல்ல... மேலிருந்து கீழே...

கதவின் ரப்பர் பட்டையில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பட்டு இழை. அரக்குச் சிவப்பு, கூடவே ஜரிகை. நான் பட்டுத் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். முந்தானை இழை என்று தொட்டதுமே தெரிந்தது. இழுத்தேன்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

பின்சீட் காலி. கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது.

கால் வாசல் பக்கம் திரும்பியது. ஓடிவிடலாம். ஓடினால், ஞாயிற்றுக்கிழமை மாமா சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

“யாருடி நீ?” கத்தினேன். “இது என் வண்டி. நான் போக மாட்டேன்!”

கிணிங். கிணிங். கிணிங். கிணிங்...

மிரட்டல் இல்லை அது. அவசரம். யாரோ கதவைத் தட்டுகிற அவசரம்.

கைப்பிடியைப் பிடித்துக் கதவை அகலத் திறந்தேன்.

சத்தம் நின்றது.

இழை என் விரலில் தொங்கியது. மணி 12.04.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். விலை பார்க்க, வந்தவாசியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் துரையையும் அழைத்து வந்திருந்தார்.

“பரவால்லியே... மூஞ்சி தெரியுதே!” என்று மாமா பானெட்டில் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். துரை நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு அந்த நான்கு கோடுகளை.

“இந்த வண்டியாம்மா...” என்றவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பு வைத்திருந்தவர் காலத்தில், நிச்சயதார்த்தப் பெண் ஒருத்தி பின்பக்கமிருந்து இறங்கியிருக்கிறாள். கதவைச் சாத்தியபோது முந்தானை மாட்டிக்கொண்டது. டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

“வளையல் கையால தட்டிகினே ஓடியிருக்குது. பாட்டு சத்தத்துல அவனுக்குக் கேக்கல. பொண்ணு பொழைக்கலம்மா.”

மாமாவின் முகம் வெளுத்தது. “இன்னிக்கே வித்துடலாம்.”

“விக்க மாட்டேன் மாமா. வாங்கறவங்க தெரியாம ஓட்டுவாங்க. நான் தெரிஞ்சி ஓட்டறேன்.”

“பயமா இல்லியா உனக்கு?”

“இருக்குது. அதுக்கு?”

சாவி என்னிடமே இருந்தது. மறுநாள் அகல்யாவை வேலூர் காலேஜில் நானே கொண்டுபோய் விட்டேன். இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். எடுக்கும் முன் அந்தக் கதவை ஒருமுறை திறந்து மூடுவேன். ஐந்தாவது கோடு இதுவரை விழவில்லை.

ஆனால் அன்று கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே துரை இன்னொன்றும் சொன்னார்.

“அந்தப் பொண்ணு தட்டின கதவு இது இல்லீங்க. அத நானே கழட்டி எடைக்குப் போட்டுட்டேன். இது வேற வண்டியிலேர்ந்து எடுத்து மாட்டினது. ரப்பர்கூட நான் புதுசா போட்டதுதான்...”