மண்ணுக்கு மூச்சு பார்த்த உத்தியோகம்

புல் வளர்வதை உட்கார்ந்து பார்ப்பதற்கும் சம்பளம் கொடுக்கிற கம்பெனி பம்பாயில் உண்டு. அதில் குப்பை கொட்டியவன் நான்.

அறுபதுகளில், செம்பூரில் ஒரு உரக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அசிஸ்டென்ட். கல்யாணைத் தாண்டி, மழை நின்றால் காய்ந்து கருவாடாகிவிடும் புல்வெளியில் எங்களுக்கு நாலு துண்டு நிலம். ஒன்றாவதற்கு ஒன்றுமே கிடையாது. இரண்டாவதற்குத் தண்ணீர் மட்டும். மூன்றாவதற்கு உரம் மட்டும். நாலாவதற்கு இரண்டும். புல் காற்றிலிருக்கும் கரியை, அதாவது கார்பனை, இழுத்து உடம்பாக்கிக்கொள்ளும். செத்தால் அது மண்ணுக்குள் போகும். மண்ணிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்கள் அதைத் தின்று மறுபடி காற்றாக மூச்சு விட்டுவிடும். எந்தத் துண்டில் கரி எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு ஓடிப்போகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். மேனேஜர் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். "நாலாவதிலேதான் தங்கும். நீ நிரூபிச்சுக் குடு, போதும்" என்றார். ரிப்போர்ட் எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் அருளப்பன். நாசரேத் பக்கத்துக்காரர், குடும்பம் தாராவியில். நாலு வருஷமாக டெம்பரரி. இந்தச் சோதனை முடிந்ததும் பெர்மனென்ட், செம்பூர் குவார்ட்டர்ஸில் ஒரு ரூம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் துணி போடுவது என்பது வரைக்கும் அருளப்பன் வீட்டில் முடிவாகியிருந்தது.

கவிழ்த்த டப்பாக்கள்

மண்ணின் மூச்சைப் பிடிக்கும் முறை இதுதான். ஒரு கிண்ணத்தில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றித் தரையில் வைத்து, அதன் மேல் பெரிய தகர டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும். மண் விடும் கரிக்காற்றை அந்தக் கரைசல் குடித்துக்கொள்ளும். மறுநாள் எடுத்துப்போய் எவ்வளவு குடித்தது என்று செம்பூரில் பார்ப்போம்.

அப்போது மதுவிலக்குக் காலம். சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று யாரோ வத்தி வைத்து, ஒரு போலீஸ் ஹவல்தார் வந்து இறங்கினார். ஆளில்லாத காட்டில் வரிசையாகத் தகர டப்பா, உள்ளே கிண்ணத்தில் தெளிவாக ஏதோ தண்ணீர்! விரலை விட்டு நாக்கில் வைக்கப்போன மனிதரின் கையை அருளப்பன் பாய்ந்து பிடித்திராவிட்டால் நாக்கு வெந்திருக்கும். மண்ணுக்கு மூச்சு உண்டு, அதைத்தான் பிடிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் அரைமணி நேரம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். "இத்தனை டப்பாவுக்கு இவ்வளவுதான் இறங்குதுன்னா, பாபு, நீ வேற தொழில் பாரு."

மூன்றாவது துண்டு

மூன்றாவதில் போட்ட உரம் போட்ட இடத்திலேயே உப்பு மாதிரி கிடந்தது. புல்லும் அசையவில்லை, மண்ணும் மூச்சு விடவில்லை. ஒன்றுமே போடாத ஒன்றாவது துண்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மேனேஜருக்கு எழுதினேன். உரத்தை இரட்டிப்பாக்கு என்று பதில் வந்தது. ஆக்கினோம். அதுவும் சமர்த்தாகக் கிடந்தது. அருளப்பன் காலால் அதைக் கிளறிவிட்டுச் சொன்னார்: "தொண்டை வறண்டு கெடக்கவனுக்கு ஊறுகாயை மட்டும் நக்கக் குடுத்தா எப்படி சார்வாள்?"

நாலாவது துண்டு

தண்ணீர் மட்டும் குடித்த இரண்டாவதில் புல் கணுக்காலைத் தாண்டவில்லை; இங்கே இடுப்புயரம். மேனேஜர் கல்யாணம் நடத்தி வைத்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். வயிற்றெரிச்சல் கீழே இருந்தது. தண்ணீரும் உரமும் கிடைத்ததும் மண்ணுக்குள் இருந்த ஜந்துக்களும் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. புதிதாக வந்த கரியோடு பழைய கரியையும் சேர்த்துத் தின்று ஊதித் தள்ளின. புல் செழித்ததே தவிர, மண்ணின் கருப்பு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. மண்ணை வளமாக்கும் மூட்டை என்று விளம்பரம் அடித்து வைத்திருக்கிற கம்பெனியிடம் இதைப் போய் யார் சொல்வது? நான் சொன்னேன், புத்தி கெட்டு. மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மண்ணு மூச்சு விடறதை யாருப்பா பார்க்கப்போறா? புல்லை மட்டும் போட்டோ எடு."

டைரக்டர் விஜயம்

நம்மூர் வழக்கம் தெரிந்ததுதானே? பெரியவர் வருகிறார் என்றால் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்போம். ஏப்ரலில் டைரக்டர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும், "எங்கே பார்த்தாலும் பச்சையா இருக்கணும்" என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். பத்து நாள் முன்னாலிருந்தே தினமும் தண்ணீர் லாரி வந்தது.

ஒன்றும் மூன்றும் தண்ணீரே காணக்கூடாத துண்டுகள். அருளப்பன் லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "ஐயா, ஆறு மாசப் பாடு! இதுல ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாம் பாழாப் போவும்" என்று கெஞ்சினார். மேனேஜர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் பட்டதும் அன்று ராத்திரி அந்தக் காய்ந்த மண் விட்ட மூச்சில், கிண்ணத்திலிருந்த கரைசல் குடிக்க முடிந்த மட்டும் குடித்துத் தீர்ந்துபோயிற்று.

டைரக்டர் வந்தார். காரை விட்டு இறங்கி ஐந்து நிமிஷம் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி பச்சையாக இருக்கிறதே, இதில் நம் உரம் போட்டது எது?"

ரிப்போர்ட்

நாலாவது துண்டின் கணக்கு மேனேஜருக்குத் தலைவலி. தண்ணீர் விழுந்த கதை அதற்கு மருந்தாக அமைந்தது. வயல் ஆளின் கவனக்குறைவால் காய்ந்த துண்டுகளில் தண்ணீர் பாய்ந்துவிட்டது, ஆகவே மொத்தச் சோதனையும் செல்லாது என்று இங்கிலீஷில் அழகாக டைப் அடித்து வைத்திருந்தார். மேற்பார்வை பார்த்தவன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கும் அந்த மாதம் கன்ஃபர்மேஷன் வர வேண்டியிருந்தது. "லாரியைக் கூப்பிட்டது நீங்கதானே சார்" என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மேனேஜர் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "உன் பேப்பரும் இந்த ஃபைல்லதான் இருக்கு, பார்த்துப் போடு."

காப்பி

அருளப்பனை ஆபீசுக்குக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி, பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். அவர் நேராக என் மேஜைக்கு வந்து காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷ் தெரியாது, படித்துச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். கவனக்குறைவு என்ற இடத்தில் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இது மேனேஜர் எழுதுனது. கீழ இருக்க கையெழுத்து?" என்றார். நான் மேஜை டிராயரைத் திறந்து மூடினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. வெட்கத்தில் என் காது இரண்டும் எரிந்தன. இதை எழுதுகிறபோதும் எரிகின்றன. திட்டியிருந்தால் தேவலை. மனிதர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் போனவர், திருப்பித் தர வேண்டியது என்று நினைவு வந்து நின்றார். "இதுல ஒரு காப்பி குடுங்க சார்வாள், வீட்டுல காட்டணும். ரூம் இல்லன்னு நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

ஆறு மாதம் நாலு துண்டு நிலத்தில் தவம் கிடந்து நான் கண்டுபிடித்தது, புல் பிழைக்கத் தண்ணீரும் உரமும் சேர்ந்து வேண்டும், உத்தியோகம் பிழைக்க வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும் என்பதுதான்.