வெட்டாத கட்டு

ஆட்டத்துக்கு உட்காரும் முன் ரத்தினவேல் தன் அறுபது கார்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, பிளாஸ்டிக் உறையின் நான்கு மூலைகளிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பான். எங்காவது நகம் பட்டு மடங்கியிருந்தால் உறையை மாற்றிவிடுவான். நடுவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவன் அவசரப்பட மாட்டான். ஏழு வருடங்களுக்கு முன் இந்தப் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

பொன்னமராவதியில் அவன் தொழில் என்னவென்று யாருக்கும் விளங்கியதில்லை. "சீட்டு வெளையாடவா சிங்கப்பூரு போறான்? அத நம்ம கம்மாக்கரையிலயே வெளையாடலாமே" என்பார் அப்பா நாகராசு. இது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை, படமும் சக்தியும் போட்ட கார்டுகளைச் சேர்த்து, சொந்தமாகக் கட்டு அமைத்து மோதுகிற ஆட்டம் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

சொல்லாமலே புரிந்துகொண்ட ஒரே ஆள் ஷேக் பரீது. இலுப்பூரில் செல்போன் கடை வைத்திருந்தான். ஆறு வருடம் அந்தக் கடையின் கண்ணாடி மேசையில்தான் இருவரும் ஆடிப் பழகினார்கள். கலைத்த கட்டை எதிராளியிடம் நீட்ட வேண்டும். அவர் பாதியில் வெட்டி மாற்றி வைப்பார். நம்பிக்கை இருந்தால் வெட்டாமல், மேலே ஒரு தட்டுத் தட்டித் திருப்பித் தரலாம். பரீது தட்டத்தான் செய்வான். "வெட்டித் தொலைடா" என்றால், "நீ என்னத்த ஒளிச்சு வச்சிருக்கப்போற மாப்ள" என்பான்.

சென்னையில் நடந்த தேர்வுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம். ஆளுக்கொரு சுற்று ஜெயித்தாயிற்று. மூன்றாவதுக்குக் கலைக்கும்போது ரத்தினவேலின் விரலில் மடங்கிய மூலை ஒன்று நெருடியது. எந்தக் கார்டு என்று தெரியும். ஆட்டத்தை முடித்துவைக்கிற கார்டு. நடுவரைக் கூப்பிட்டு உறையை மாற்றியிருக்க வேண்டும். அது மேலே வந்து சேரும்வரை கலைத்தான். கட்டை நீட்டினான்.

பரீது தட்டினான். "ஆடு மாப்ள."

தோற்ற பிறகு ரத்தினவேலின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவன்தான் முதலில் பஸ் ஏறினான். "ஒனக்குக் கை வந்துச்சு, எனக்கு வரல. போயி போட்டோ அனுப்பு, போதும்." அடுத்த வருடம் கடையை மூடிவிட்டு ஷார்ஜா போய்விட்டான். ரத்தினவேலுக்கு அதன்பின் ஐந்து நாடுகள், சட்டையில் ஒரு கம்பெனியின் பெயர்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போன் செய்தான். முதல் முறை ஷார்ஜா வெயிலைப் பற்றிக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டான். அடுத்த முறை "அந்த ஃபைனல்ல" என்று ஆரம்பித்ததுமே பரீது சிரித்தான். "இன்னுமா அதப் பேசுற? ஒன்ன ஜெயிக்க முடியாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதோட நான் கார்டையே தொடல."

ஒரு சமாதானம் மட்டும் ரத்தினவேலிடம் மிச்சம் இருந்தது. பரீது அலட்சியக்காரன், யார் கட்டையும் வெட்டமாட்டான், எதிரே வேறு எவன் இருந்து ஏமாற்றியிருந்தாலும் தோற்றுத்தான் இருப்பான்.

போன மாதம் போட்டி நடத்தியவர்கள் பழைய பதிவுகளை யூடியூபில் ஏற்றினார்கள். அன்று பரீது ஆடிய ஐந்து ஆட்டங்களும் அதில் இருந்தன. முதல் நான்கிலும் எதிராளி நீட்டிய கட்டை ஒவ்வொரு முறையும் அவன் வெட்டித்தான் வைத்திருந்தான்.