பெருங்காயம் வைத்த வெள்ளி

பழைய சாமான் கடையில் வெள்ளியைக் கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி. சும்மா பீற்றவில்லை. அலுமினியம் பழசானால் சாம்பல் பூக்கும். ஜெர்மன் சில்வர் தேய்ந்த விளிம்பில் மஞ்சள் பல்லிளிக்கும். வெள்ளி மட்டும்தான் நீலம் ஓடிய ஒரு தினுசாகக் கறுக்கும். பெங்களூர் பங்களாக்களைக் காலி செய்யும்போது ஓசூருக்கு வரும் மூட்டைகளில் அப்படிக் கறுத்த ஸ்பூன்கள் கிடக்கும். திருப்பினால் காம்பில் பொடியாக 925 என்று வெள்ளி முத்திரை. கடைக்காரர்களுக்கு அது ஏதோ மாடல் நம்பர். ஃபேக்டரியில் நாள் முழுக்கப் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குவாலிட்டி வேலை எனக்கு. லீவு நாளிலும் கை சும்மா இருக்காது.

அதனால்தான் என் ரூம்மேட் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஊர் கெலமங்கலம் பக்கம். அம்மா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அண்ணன் வாடகை வீட்டைக் காலி செய்து, சமையல் சாமான் மொத்தத்தையும் ஓசூரில் ஒரு கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். அதில் ஒரு பெருங்காய டப்பா. அம்மா பெங்களூரில் சமையல் வேலை பார்த்த வீட்டில் அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அசல் வெள்ளி. அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது தெரியும்.

முதலில் புருஷன், அப்புறம் மகன். அந்த வீட்டில் மின்னியதெல்லாம் அடகுக்குப் போய்க் குடியில் கரைந்தது. அம்மா டப்பாவில் பெருங்காயம் போட்டு வைத்தாள். பெருங்காயம் பட்டால் வெள்ளி கரியாகிவிடும். எத்தனையோ வருஷம் அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது, ஒருத்தனும் தொடவில்லை. கடைசியில் மகன் அதைக் குப்பையோடு குப்பையாக எடைக்கே போட்டுவிட்டான். அம்மாவுடையது என்று சொல்ல அவளுக்கு இனி அது ஒன்றுதான்.

பஸ்ஸில் என் தொழில் ரகசியத்தை ஓதினேன். "பாத்ததும் பாயாத. ரெண்டு ஓட்டைக் கரண்டி எடு, அதோட சேத்து இதையும் எடு. மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாது. முக்கியமா அழுது தொலைக்காதடி."

"நான் ஏண்டி அழுவறேன்? நீ வாய மூடிக்கிட்டு இரு, அது போதும்."

கடைக்காரர் ஃபோனில் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டே எங்களிடம் என்ன வேண்டுமென்று கன்னடத்தில் "ஏன் பேக்கு?" எனக் கேட்டார். ரூமுக்குப் பாத்திரம் வேண்டும் என்றேன். டப்பா ஒரு கூடைக்கு அடியில் கிடந்தது. எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள்: ஒரு கரண்டி, ஒரு வடிதட்டு, நடுவில் டப்பா. நான் வாங்கி அடியைத் தடவினேன். கறுப்புக்குள் 925 நகத்தில் தட்டுப்பட்டது.

கடைக்காரர் மூடியைத் திறந்து மோந்து முகத்தைச் சுளித்தார். "அய்ய, இதையா எடுக்கற? செத்த வீட்டுச் சாமான்மா. அந்தப் பையன் மூக்கைப் பொத்திக்கிட்டுக் கொண்டாந்து கொட்டினான். என்ன பொம்பளையோ, வாழ்நாள்ல ஒரு பாத்திரம் வெளக்கியிருக்க மாட்டா போல."

நான் ஹிஹி என்று சிரித்தேன். தொழில் சிரிப்பு. அவளும் சிரித்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் டப்பாவோடு வெளியே வந்திருப்போம்.

"எங்கம்மா எல்லாப் பாத்திரமும் பளபளன்னு வெளக்கும்," என்றாள். "இது ஒண்ணத்தான் வெளக்காது."

கடைக்காரர் ஃபோனை வைத்தார். "அது ஏன் இத மட்டும்?"

அவர் சாவியை எடுத்து மூடியில் ஒரு கீறு கீறினார். வெள்ளைக் கோடு விழுந்தது.

நான் ஏதேதோ உளறினேன். அவர் காது கொடுக்கவில்லை. அவளிடம் மட்டும் பேசினார். "நான் ஒண்ணும் பேய் இல்லம்மா. ஆனா வித்தது உங்கண்ணன். வெள்ளியத் தூக்கி உங்கிட்ட குடுத்துட்டேன்னு நாளைக்கு அவன் கடை முன்னாடி வந்து கத்தினா? ஒரு வார்த்த கேட்டுடறேன்."

"அவங்கிட்ட மட்டும் வேணாம்ணா. எவ்வளவுன்னாலும் சொல்லுங்க, நானே குடுக்கறேன்."

அதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, நீ போட்ட சாமான்ல ஒரு டப்பா வெள்ளியாட்டம் இருக்குது. உன் தங்கச்சி கேக்குது. குடுத்துடட்டுமா?"

"வெள்ளியா? குடுக்காதீங்கண்ணா. இதோ வர்றேன்."

அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று அவன் ஃபோனையே எடுக்கவில்லையாம். இன்று கெலமங்கலத்திலிருந்து பைக்கில் பறந்து வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டப்பாவை வாங்கி, கீறல் விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். கண் கலங்கிவிட்டது. நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"பாரேன்," என்றான் தங்கையிடம். "நம்மகிட்டகூடச் சொல்லாம மறைச்சு வெச்சிருக்குது அம்மா."

"நம்மகிட்ட இல்லண்ணா," என்றாள் அவள். "உங்கிட்ட."

அவன் கடைக்காரர் பக்கம் திரும்பி, "வெள்ளி வெலைக்குப் போடுங்கண்ணா," என்று டப்பாவைத் தராசில் வைத்தான்.